எல்லாமே ‘கோத்தோர்’ இல்லை: படிகப் படலத்தில் பழுது எங்கே பிறக்கிறது

நீங்கள் கேட்டது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. பினாங்கின் பாயான் லெப்பாஸில் எல்இடி எப்பி லைனில், அதாவது வேஃபர் என்னும் வட்டத் தகட்டின்மேல் மெல்லிய படிகப் படலம் வளர்க்கும் பிரிவில், எட்டு மாதமாக டெக்னீஷியனாக இருக்கிறீர்கள். ரியாக்டருக்குள் போகும் கேஸ் அவ்வளவு சுத்தம், வேஃபர் ஒரே படிகம், நாமும் தலை முதல் கால்வரை மூடிக்கொண்டுதான் உள்ளே போகிறோம். அப்படியிருந்தும் வளர்த்து எடுத்த படலத்தில் ஏன் குழியும் கோடும் தெரிகின்றன என்பது முதல் கேள்வி. எதைக் காட்டினாலும் சீனியர் ‘கோத்தோர்’ (மலாயில் அழுக்கு) என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார், எல்லாம் அழுக்கால் வருவதுதானா என்பது இரண்டாவது. என்றைக்காவது இதைப் பூஜ்யமாக்க முடியுமா என்பது மூன்றாவது. கூடவே ஒரு மைக்ரோஸ்கோப் படமும் போட்டிருக்கிறீர்கள்: ஆறுபக்கக் குழிகள், ஓரத்தில் நேர்நேரான கோடுகள். அந்தப் படத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

எதை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துகொள்ள என்னைப் பற்றி இரண்டு வரி. முதல் மூன்று ஆண்டு சிலிக்கன் எப்பி, அதன்பின் இருபது ஆண்டுக்கு மேல் எல்இடி: முதலில் சிவப்பு, பிறகு நீலம். மின்திறன் சிப்களுக்கான சிலிக்கன் கார்பைடை என் கையால் வளர்த்ததில்லை. அதைப் பற்றிச் சொல்வது படித்தும் நண்பர்களிடம் கேட்டும் அறிந்தது. 1970களில், இங்கே தடையற்ற வாணிப வட்டாரம் திறந்த புதிதில், என் அத்தை பாயான் லெப்பாஸில் மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்து முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் ஒட்டும் வேலை பார்த்தார். சிப் வெளிநாட்டிலிருந்து செய்து முடித்து வரும். அதற்குள் படிகம் எப்படி வளர்ந்தது என்பதை இங்கே யாரும் கேட்க வேண்டிய தேவை இல்லை. படிகத்தையே இங்கு வளர்க்கத் தொடங்கியது பிந்தித்தான். லைனில் இதைப் பேச நம்மிடம் ‘கோத்தோர்’ என்ற ஒரு சொல் மட்டும் புழங்குவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ரியாக்டருக்குள் நடப்பதை ஓர் அணுவின் பக்கத்திலிருந்து பாருங்கள். கேலியமும் நைட்ரஜனும் தரும் ட்ரைமெத்தில் கேலியமும் அம்மோனியாவும் 1000 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் இருக்கும் வேஃபர்மேல் உடைகின்றன. விடுபட்ட கேலியம் அணு விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடாது, மேற்பரப்பில் அலையும். அந்தப் பரப்பு நம் கண்ணுக்குக் கண்ணாடி, அணுவுக்கோ படிக்கட்டு. ஒரு படியின் விளிம்பை எட்டினால் அங்கே பக்கத்து அணுக்களின் பிடி அதிகம், அதனால் நின்றுவிடும். இப்படிப் படிகள் ஒவ்வொன்றாக முன்னேறித்தான் படலம் கனக்கிறது. மணிக்கு 2 மைக்ரோமீட்டர் வளர்த்தால் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு அணு அடுக்கு. சூடு குறைந்தால் அணுவுக்கு நடக்கத் தெம்பில்லை, கண்ட இடத்தில் உறைந்துவிடும். சூடு மிகுந்தால் பரப்பை விட்டே கிளம்பிவிடும். ஆக, ஒரு துளி அழுக்கும் இல்லாத ரியாக்டரிலும், அணு தன் இடத்தைத் தேடிப்போக நேரமும் தெம்பும் வாய்க்காவிட்டால் பழுது உண்டாகும்.

இதைவிடப் பெரிய காரணம் அடியில் இருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அதைச் சொல்வது எளிது. ரப்பர் மரங்களை நிரை பிடித்து நடுவார்கள். அடுத்தடுத்து இரண்டு தோட்டம் இருக்கிறது, ஒன்றில் நிரைக்கு நிரை இடைவெளி சற்றுக் குறைவு, மற்றதில் சற்று அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லையில் நின்று பார்த்தால் பல நிரைகள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தொடரும். அவ்வப்போது ஒரு நிரை மட்டும் தொடர இணையில்லாமல் எல்லையிலேயே முடிந்துவிடும். படிகத்தில் அப்படி முடிகிற அணு நிரையின் முனை ஒரு கோடாக நீண்டு கிடக்கும். அந்தக் கோட்டுக்குத்தான் டிஸ்லொகேஷன் என்று பெயர். சிலிக்கன்மேல் ஜெர்மானியம் வளர்த்தால் இடைவெளி வித்தியாசம் 4.2 சதவீதம், சுமார் 24 நிரைக்கு ஒன்று அநாதையாகும். கேலியம் ஆர்செனைடுமேல் இண்டியம் ஆர்செனைடு என்றால் 7 சதவீதம். நீங்கள் தினமும் வளர்க்கும் கேலியம் நைட்ரைடு (நீல எல்இடியின் பொருள்; இனி நைட்ரைடு) சஃபையர் வேஃபர்மேல் உட்காரும்போது தன்னை 30 டிகிரி திருப்பிக்கொள்கிறது, அதன்பிறகும் வித்தியாசம் 16 சதவீதம். கீழே ஏழு நிரை, மேலே ஆறு நிரை; ஒவ்வொரு ஏழுக்கும் ஒன்று விடுபட்டுப் போகிறது. உலகத்திலேயே சுத்தமான அறையில் வளர்த்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இதை அழுக்கு என்று சொன்னால் படிகத்தின்மேல் பொய்க்குற்றம் சுமத்துகிறோம்.

வித்தியாசம் சிறியதாக இருந்தால் கதை வேறு. மேலே வரும் படலம் முதலில் விட்டுக்கொடுத்துப் போகும். தன் நிரைகளை நெருக்கியோ அகட்டியோ கீழே இருப்பதோடு ஒன்றுக்கு ஒன்றாகப் பொருத்திக்கொள்ளும். பழுதே இல்லை. ஆனால் உள்ளுக்குள் விசை சேர்ந்துகொண்டே போகிறது. படலம் எவ்வளவு தடிக்கிறதோ அவ்வளவு விசைச் சக்தி ஏறும். இடைவெளி வித்தியாசம் இரட்டித்தால் அது நான்கு மடங்காகும். ஒரு டிஸ்லொகேஷனை உண்டாக்கும் செலவோ தடிமனோடு மிக மெதுவாகத்தான் கூடும். எங்கோ ஒரு தடிமனில் முதலாவது இரண்டாவதை முந்தும். அதற்குமேல், நிரையை வளைத்துப் பிடித்திருப்பதைவிட ஒரு நிரையை விட்டுவிடுவது படிகத்துக்கு மலிவு. அந்தத் தடிமனை எல்லைத் தடிமன் என்கிறோம். ஃபிராங்கும் வான் டெர் மெர்வும் 1949இல் இந்த எண்ணத்தைத் தந்தார்கள். மேத்யூஸும் பிளேக்ஸ்லியும் 1974இல் கணக்காக வடித்தார்கள், இன்றும் அதைத்தான் முதலில் போட்டுப் பார்க்கிறோம். 20 சதவீதம் இண்டியம் கலந்த கேலியம் ஆர்செனைடுக்கு இது சுமார் 10 நானோமீட்டர். கணக்கு சொல்லும் தடிமனைத் தாண்டியும் படலம் சில சமயம் பழுதில்லாமல் வளர்ந்துவிடும், குறிப்பாகக் குறைந்த சூட்டில். டிஸ்லொகேஷன் லாபம் என்றாலும் அது பிறந்து நகர்ந்து எல்லைக்கு வந்து சேரச் சூடு வேண்டும். சூடில்லாவிட்டால் விசையைத் தாங்கிக்கொண்டு அப்படியே நிற்கும். அந்த வேஃபரைப் பிற்பாடு வேறொரு வேலைக்காகச் சூடாக்கும்போது, அடக்கி வைத்தது அத்தனையும் கோடுகளாக வெடித்துக் கிளம்பும். ரியாக்டரிலிருந்து நல்லபடியாக வெளியே வந்த வேஃபர் மூன்றாம் கட்டத்தில் கெட்டதென்று அந்தக் கட்டத்தின் ஆட்களைத் திட்டியதை நான் பார்த்திருக்கிறேன். விதை எப்பியிலேயே விழுந்துவிட்டிருந்தது.

எல்லையில் படுத்துக் கிடக்கும் டிஸ்லொகேஷனால் பெரிய தொல்லை இல்லை, அது வெளிச்சம் வரும் இடத்திலிருந்து தள்ளி இருக்கிறது. தொல்லை எழுந்து நடப்பவற்றால்தான். ஒரு டிஸ்லொகேஷன் கோடு படிகத்தின் நடுவில் அப்படியே முடிந்துபோக முடியாது. பரப்பில் போய் முடியலாம், வளையமாகித் தன்னோடு சேரலாம், இன்னொரு டிஸ்லொகேஷனைச் சந்தித்து இணையலாம். நான்காவது வழி கிடையாது. ஆகவே அடியில் பிறந்தது படலம் வளர வளரக் கூடவே மேலேறி, ஒளி தரும் அடுக்குகளைத் துளைத்துக்கொண்டு போகும். நைட்ரைடில் இவை கூட்டமாகப் பிறக்க இன்னொரு வழியும் உண்டு. ஒரு பெரிய வாசலில் புள்ளிக் கோலத்தை நான்கு மூலையிலிருந்து நான்கு பெண்கள் தனித்தனியே தொடங்கினால் என்ன ஆகும்? ஒவ்வொருவர் கோலமும் அழகாகவே இருக்கும். நடுவில் சந்திக்கும்போது ஒருவர் புள்ளி வரிசை இம்மி அளவு திரும்பியிருக்கும், எங்கோ ஒரு புள்ளி மிச்சப்படும். சஃபையர்மேல் நைட்ரைடு முதலில் தனித்தனித் தீவுகளாகத்தான் முளைக்கிறது. தீவுகள் ஒன்றுக்கொன்று அரை டிகிரி அளவுக்குத் திரும்பியிருந்தாலே போதும், அவை ஒட்டும் தையலில் டிஸ்லொகேஷன் வரிசை கட்டும். தீவுகள் சேரும்போது இவை பிறப்பது உறுதி. ஆனால் மேலேறுபவற்றில் எத்தனை பங்கு தையலில் பிறந்தவை, எத்தனை பங்கு அதற்கு முன்பே ஆரம்ப அடுக்கிலேயே பிறந்து தீவோடு சேர்ந்து வளர்ந்தவை என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ரெசிப்பிக்கு ரெசிப்பி (சூடு, கேஸ், நேரம் எல்லாம் குறித்த செய்முறை) அது மாறும் என்பது என் அனுபவம்.

உங்கள் ரெசிப்பியில் முதலில் 500 டிகிரியை ஒட்டி 20, 30 நானோமீட்டர் அளவுக்கு ஓர் அடுக்கைப் போட்டுவிட்டுப் பிறகு சூட்டை ஏற்றுகிறீர்களே, அது இந்தச் சிக்கலுக்கான மருந்து. ஜப்பானின் அகாசாகியும் அமானோவும் 1986இல் அலுமினியம் நைட்ரைடு வைத்து அதைச் செய்து காட்டினார்கள். நகமுரா 1991இல் கேலியம் நைட்ரைடு வைத்தே செய்தார். அதற்கு முன் வளர்த்த படலங்கள் கரடுமுரடான அறுகோண மேடுகளாக இருந்தன. மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்ததற்குப் பின்னால் இந்த மெல்லிய அடுக்குக்கும் பெரிய பங்கு உண்டு. லைனில் அதைப் போடும் அந்தச் சில நிமிடங்களில் ரியாக்டர் பக்கத்திலிருந்து நகராதீர்கள். மீதி ஐந்து மணி நேரத்தின் தலையெழுத்து அங்கே எழுதப்படுகிறது.

இப்போது என்னை நீண்ட காலம் தூங்கவிடாத விஷயம். சிவப்பு லைனில், கேலியம் ஆர்செனைடு வேஃபரில், டிஸ்லொகேஷன் என்றாலே பயம். அந்தக் குடும்பப் பொருள்களில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினாலே வெளிச்சம் குறையத் தொடங்கும். 1970களின் தொடக்கத்தில் லேசர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே கருங்கோடுகள் வளர்ந்து அணைந்துபோனதற்கும் டிஸ்லொகேஷன்தான் காரணம் என்று கண்டறிந்தார்கள். அந்தப் பயத்தோடு நான் நீல லைனுக்கு மாறினேன். அங்கே எண்ணிக்கை சதுர சென்டிமீட்டருக்கு 10 கோடி முதல் 1000 கோடி வரை. முதலில் யாரோ தவறாக எண்ணிவிட்டார்கள் என்று நினைத்தேன். ஆனால் அந்த வேஃபர் கண்ணைக் கூசும்படி எரிந்தது. 1995இல் ஆய்வாளர்கள் நன்றாக எரியும் நீல எல்இடியை எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து 1000 கோடி என்ற எண்ணையே வெளியிட்டபோது உலகமே வியந்தது.

ஏன் எரிகிறது? எலெக்ட்ரானும் ஹோலும் (எலெக்ட்ரான் இல்லாத காலியிடம்; இரண்டும் சேர்ந்தால்தான் ஒளி) டிஸ்லொகேஷனைச் சென்று சேருமுன் இண்டியம் கலந்த அடுக்கில் சிறு பள்ளங்களில் சிக்கி அங்கேயே ஒளியாகிவிடுகின்றன என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அந்தப் பள்ளங்கள் எதனால் ஆனவை என்பதில்தான் சண்டை. இண்டியம் கொத்துக் கொத்தாகச் சேர்ந்திருப்பதாக முதலில் படங்கள் வந்தன. பின்னர் மைக்ரோஸ்கோப்பின் எலெக்ட்ரான் கற்றையே அந்தக் கொத்துகளை உண்டாக்கிவிடக்கூடும் என்று காட்டினார்கள். இண்டியம் அணுக்கள் தற்செயலாகக் கூடியும் குறைந்தும் கிடப்பதும், அடுக்கின் தடிமனில் ஓர் அணு அளவு ஏற்ற இறக்கம் இருப்பதுமே போதும் என்று இன்று பலர் கருதுகிறார்கள். இதில் குழிகளுக்கும் ஒரு நல்ல பங்கு உண்டு. டிஸ்லொகேஷன் துளைக்கும் இடத்தில் இண்டியம் அடுக்கு வளரும்போது ஆறுபக்கத் தலைகீழ்க் கூம்பாக ஒரு நுண்குழி திறக்கும். அதன் சரிவுச் சுவரில் ஒளி அடுக்கு மெலிந்துவிடுவதால் அது டிஸ்லொகேஷனைச் சுற்றி வேலி போலாகி எலெக்ட்ரானை அண்டவிடாது என்கிறார்கள். தரவுகள் இதற்கு ஆதரவாக இருக்கின்றன; மொத்த வெளிச்சத்தில் வேலியின் பங்கு எவ்வளவு, பள்ளத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது இன்னும் கடினம். அதனால் குழியைக் கண்டதும் வேஃபரைத் தூக்கிப்போடுவது நீல லைனில் எப்போதும் சரியல்ல. லேசர் வேறு. அதில் மின்னோட்டம் மிக நெருக்கமாகப் பாய்வதால் டிஸ்லொகேஷன்களைப் பெரிய அளவில் குறைத்தே ஆக வேண்டும். முகமூடி அடுக்கில் சன்னல் வெட்டி, நைட்ரைடைப் பக்கவாட்டில் வளரவிட்டு, அடியிலிருந்து ஏறும் கோடுகளை மறித்த பிறகுதான் 1990களின் பிற்பகுதியில் நீல லேசரின் மதிப்பிடப்பட்ட ஆயுள் 10,000 மணி நேரத்தை எட்டியது.

வளர்ந்து முடித்ததோடு ஆபத்து தீரவில்லை. குளிரும்போது இன்னொன்று காத்திருக்கிறது. ஒரு டிகிரிக்குச் சஃபையர் பத்து லட்சத்தில் 7.5 பங்கு சுருங்கும், கேலியம் நைட்ரைடு 5.6, சிலிக்கன் 2.6. சஃபையர் அதிகம் சுருங்குவதால் மேலேயுள்ள படலம் அமுக்கப்படுகிறது. வேஃபர் வளையும், பெரும்பாலும் படலம் உடையாது. சிலிக்கன்மேல் வளர்த்தால் தலைகீழ்: கீழே இருப்பது குறைவாகச் சுருங்க, மேலே இருப்பது இழுபட்டு வெடிக்கும். ஆயிரம் டிகிரி இறங்கினால் 150 மில்லிமீட்டர் வேஃபரில் இரண்டுக்கும் இடையே வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கேட்க அற்பமாகத் தோன்றும். பினாங்குப் பாலத்தில் மோட்டார் ஓட்டிப் போகும்போது ‘தடக் தடக்’ என்று டயருக்கடியில் படும் இணைப்புகள், வெயிலில் பாலம் நீள்வதற்காக விட்ட இடைவெளிகள். படிகத்தில் அப்படி எந்த இடைவெளியும் கிடையாது. அதனால் அலுமினியம் கலந்த இடையடுக்குகளைப் போட்டு வளரும்போதே படலத்தை முன்கூட்டி அமுக்கி வைக்கிறார்கள். குளிரும்போது வரும் இழுப்பு அந்த அமுக்கத்தில் கழிந்துபோகும்.

உங்கள் சீனியர் சரியாக இருக்கும் இடமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். சிலிக்கன் எப்பியில் எனக்குப் பயிற்சி கொடுத்தவர் முதல் வாரமே மைக்ரோஸ்கோப்பில் சின்னச் சின்னச் சதுரங்களைக் காட்டினார். வேஃபர் பரப்பில் துளி ஆக்சைடோ கார்பனோ ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் அணு அடுக்கு முறை தவறி அடுக்கப்படும். தவறிய அடுக்கு மேலே வளர வளரத் தலைகீழ்ப் பிரமிடாக விரியும், பரப்பில் சதுரமாகத் தெரியும். “பக்கத்தை அளந்து பார்” என்றார். நமது படலம் 10 மைக்ரோமீட்டர், சதுரத்தின் பக்கம் 14. கோணங்கள் நிலையானவை என்பதால் பக்கம் எப்போதும் ஆழத்தின் 1.41 மடங்கு. ஆக அது பிறந்தது 10 மைக்ரோமீட்டர் ஆழத்தில், வேஃபரும் படலமும் சந்திக்கும் இடத்தில். எல்லாச் சதுரமும் ஒரே அளவாக இருந்தால் எல்லாம் வளர்ச்சி தொடங்கிய அதே நொடியில் பிறந்தவை. கழுவலையும் ஹைட்ரஜனில் சுடும் கட்டத்தையும் போய்ப் பார். பெரிதும் சிறிதுமாகக் கலந்திருந்தால் வளரும்போதே மேலிருந்து ஏதோ விழுந்துகொண்டிருக்கிறது. ரியாக்டர் சுவரைப் பார். அந்த ஒரு பாடத்தை வைத்துத்தான் இத்தனை ஆண்டும் பிழைத்தேன். பழுதின் அளவில் அதன் பிறந்த நேரம் இருக்கிறது. ‘கோத்தோர்’ என்று சொல்வது சரியாகவே இருந்தாலும், எந்தக் கட்டத்தில், எந்தப் பக்கத்திலிருந்து வந்த அழுக்கு என்று சொல்லாதவரை அதை வைத்து எதையும் சரிசெய்ய முடியாது.

கண்ணுக்குத் தெரியாத அழுக்குதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. சிவப்பு லைனில் ஒருமுறை மூன்று வாரம் வேஃபர் எல்லாம் கண்ணாடி போல வந்தன, ஒரு குழி இல்லை, ஆனால் வெளிச்சம் மங்கல். ரெசிப்பியை மாற்றினோம், புது வேஃபர் வாங்கினோம், ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டோம். கடைசியில் ஹீலியம் வைத்துத் தேடியபோது கேஸ் பைப்பின் ஒரு ஃபிட்டிங்கில் மிக நுண்ணிய கசிவு. அலுமினியத்துக்கு ஆக்சிஜன்மேல் தீராத பிடிப்பு. உள்ளே வந்த ஆக்சிஜன் அலுமினியம் இருக்கும் அடுக்கில் குடியேறி எலெக்ட்ரானை விழுங்கும் பொறியாகிவிட்டது. ஒற்றை அணுப் பழுது என்று நாம் சொல்வது இதை: ஓர் அணு இல்லாமல் போவது, அந்நிய அணு வந்து அமர்வது, இரண்டு சேர்ந்து ஜோடி கட்டுவது. நீல எல்இடி பிறக்கத் தாமதமானதற்கு இப்படி ஒரு ஜோடியும் ஒரு காரணம். மெக்னீசியத்தைச் சேர்த்தும் எல்இடிக்குத் தேவையான பாசிட்டிவ் வகை நைட்ரைடு (ஹோல்களால் மின்சாரம் கடத்துவது) கிடைக்கவில்லை, ஏனென்றால் வளரும்போதே ஹைட்ரஜன் மெக்னீசியத்தோடு சேர்ந்து அதை முடக்கிவிடுகிறது. 1989இல் அமானோவும் அகாசாகியும் எலெக்ட்ரான் கற்றையை அடித்து அதை விழிக்க வைத்தார்கள். நைட்ரஜனில் சுமார் 700 டிகிரிக்குமேல் சுட்டாலே ஹைட்ரஜன் விலகிவிடும் என்று 1992இல் நகமுராவின் குழு காட்டியது. உங்கள் லைனில் எப்பி முடிந்து வரும் அந்த ஆனீலிங் கட்டம் இதுதான்.

சிலிக்கன் கார்பைடைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் 2024 ஆகஸ்டில் கெடா மாநிலத்தின் கூலிமில் இன்ஃபினியன் நிறுவனம் 200 மில்லிமீட்டர் சிலிக்கன் கார்பைடு ஆலையைத் திறந்த பிறகு இங்கே பலர் அதைப் பற்றிக் கேட்கிறார்கள். அங்கே படலமும் வேஃபரும் ஒரே பொருள், இடைவெளி வித்தியாசச் சிக்கல் ஏறக்குறைய இல்லை. ஆனால் அந்தப் படிகத்துக்கு அடுக்கும் முறைகள் பல. சமதளத்தில் விழும் அணுவுக்கு எந்த முறையைப் பின்பற்றுவதென்று சொல்ல ஆள் இல்லை. படியின் பக்கச் சுவரில்தான் அந்த வரிசை எழுதியிருக்கிறது. அதனால் வேஃபரை 4 டிகிரி சாய்த்து வெட்டிப் படிகளை நெருக்கமாக வைக்கிறார்கள். 1980களில் கியோட்டோவில் மட்சுனாமியின் குழு வகுத்த வழி இது. இங்கே பெரிய பகை வேஃபரிலிருந்து வாரிசாக ஏறும் ஒருவகை டிஸ்லொகேஷன். அது படலத்தில் புகுந்துவிட்டால், சாதனம் ஓடும்போதே அடுக்குப் பழுதாக விரிந்து மின்தடையைக் கூட்டும். படலம் தொடங்கும் இடத்திலேயே அதைத் தீங்கு குறைந்த இன்னொரு வகையாகத் திருப்பிவிடுவதுதான் அங்குள்ள கலை.

பூஜ்யம் ஆகுமா என்ற கேள்விக்கு இரண்டு பதில். ஒற்றை அணு இல்லாமல் போகும் பழுதை ஒருபோதும் பூஜ்யமாக்க முடியாது. சூடு என்று ஒன்று இருக்கும்வரை, சில அணுக்கள் இடம் விட்டு இருப்பதே படிகத்துக்கு இயல்பான நிலை. குறைக்கலாம், ஒழிக்க முடியாது. டிஸ்லொகேஷன் அப்படி இல்லை. எந்தச் சூட்டிலும் அது இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, ஆகவே கொள்கையளவில் பூஜ்யம் சாத்தியம். அதைச் செய்தும் காட்டியிருக்கிறார்கள்: 1950களின் இறுதியில் டாஷ் என்பவர், சிலிக்கன் படிகத்தை உருகலிலிருந்து இழுக்கும்போது கழுத்தை மெல்லியதாக்கி, இருந்த டிஸ்லொகேஷன்களைப் பக்கவாட்டில் வெளியேறவிட்டு, ஒன்றுகூட இல்லாத படிகத்தை எடுத்தார். இன்றைய சிலிக்கன் வேஃபர் எல்லாம் அந்த வழியின் பிள்ளைகள். ஆனால் சஃபையர்மேல் நைட்ரைடு வளர்க்கும்வரை நமக்கு அந்தப் பூஜ்யம் இல்லை. படலம் தடிக்கும்போது எதிரெதிர் டிஸ்லொகேஷன்கள் சந்தித்து ஒன்றையொன்று அழிக்கும் என்பது உண்மை. எண்ணிக்கை குறையக் குறைய அவை சந்திக்கும் வாய்ப்பும் குறைவதால் அந்தச் சரிவு வரவர மந்தமாகும். நைட்ரைடு வேஃபரிலேயே நைட்ரைடு வளர்த்தால் வெகுவாகக் குறையும், விலை எட்டாது.

இனி உங்கள் படம். ஒரு படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், ஆனால் எங்கே தேடலாம் என்று சொல்ல முடியும். நான் மேலே சொன்ன நுண்குழிகள் பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டரில் பத்தில் இரண்டு, மூன்று பங்குதான்; சாதாரண மைக்ரோஸ்கோப்பில் இவ்வளவு தெளிவாக விழாது. உங்கள் குழிகள் படத்தின் அளவுகோலில் சுமார் 4 மைக்ரோமீட்டர். இந்தக் குழிகளின் சுவர் தளத்தோடு 62 டிகிரி சாய்ந்திருக்கும், அதனால் எதிரெதிர்ச் சுவருக்கு இடைப்பட்ட அகலமும் ஆழமும் ஏறக்குறைய ஒன்றே. மொத்தப் படலம் 5 மைக்ரோமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இவை அடியிலிருந்து ஒரு மைக்ரோமீட்டர் உயரத்தில், தீவுகள் ஒட்டிச் சமதளமாகும் கட்டத்தில் திறந்து, அதன்பின் மூடவே இல்லை. வேஃபர் மேப்பை (எந்த இடத்தில் எத்தனை பழுது என்று காட்டும் வரைபடம்) எடுத்துப் பாருங்கள். குழிகள் வேஃபர் முழுக்க ஒரே சீராகப் பரவியிருந்தால் தீவுகள் சேரப் போதிய நேரமோ சூடோ கிடைக்கவில்லை, ரெசிப்பியைப் பார்க்க வேண்டும். கொத்தாகவோ ஒரு பக்கமாகவோ இருந்தால் அந்தக் கட்டத்தில் மேலிருந்து துகள் விழுந்திருக்கலாம், அப்போது உங்கள் சீனியர் சொன்னது சரி. ஓரத்துக் கோடுகள் 60 டிகிரியில் வெட்டிக்கொள்கின்றன, கொஞ்சமும் வளையவில்லை. பிடிக்கும் கருவி உரசிய கீறல் கை போன போக்கில் வளையும், படிகத்தின் திசை அதற்குத் தெரியாது. இவை வெடிப்பு என்றே நினைக்கிறேன். சிலிக்கன் அதிகம் சேர்த்த அடுக்கும், தடித்த அலுமினிய அடுக்கும் படலத்தில் இழுவிசையைக் கூட்டும்; சமீபத்தில் அந்த இரண்டில் எதையாவது கூட்டினார்களா என்று இன்ஜினியரிடம் கேளுங்கள். பத்துக் குழியின் அகலத்தை அளந்து, வேஃபர் மேப்போடு இங்கே போடுங்கள். பத்தும் ஒரே அளவா, கலந்திருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.